நீலக்கோலி

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு இருமல் நின்றதா?

வேலை பழகிவிட்டது. மீனை உறைய வைத்துப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை இது. குளிர் இயந்திரங்கள் என் பொறுப்பு. வெளியே வந்தால் வெயில் மண்டையைப் பிளக்கிறது, உள்ளே போனால் மூக்கு மரத்துப்போகிறது. அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். போன் பேச வரிசையில் நிற்க வேண்டும், பின்னால் நிற்பவன் பெருமூச்சு விட்டே நம்மைத் துரத்திவிடுவான். அதனால் கடிதமே எழுதுகிறேன்.

ஓர் உதவி. மாடி அறையில் இருக்கும் என் சோடா பாட்டில்களை எல்லாம் பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்டுவிடு. அறையை யாருக்காவது வாடகைக்கு விடு. நீலக்கோலி பாட்டிலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதை மட்டும் தனியாக எடுத்து வைக்காதே.

இங்கே ஒப்பந்தம் ஒரு வருடம். முடிகிற சமயத்தில் இன்னும் மூன்று வருடத்துக்கு நீட்டுவார்களாம். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லு.

உன் தம்பி


பிப்ரவரி 25

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் நலம். முட்டிவலி வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அத்தானுக்கு இருமல் நின்றது, குறட்டைதான் நிற்கவில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிருக்குள் போகும்போது காதை மூடிக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வேறு யாருக்கோ எழுதியது தவறி எனக்கு வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். எடைக்கா? உன் பாட்டில்களையா? மாடியைப் பெருக்க வந்தால் வாசலிலேயே மறித்துத் துடைப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறவன் நீ. எதிர்வீட்டில் துக்கம் கேட்கப் போன இடத்தில், எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அவர்கள் அலமாரியில் இருந்த பழைய பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ. அன்றைக்கு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. அப்பேர்ப்பட்ட ஆள் எடைக்குப் போடு என்று எழுதினால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டார். நம் சலவைக் கடைக்கு ஓட்டலில் இருந்து வருகிற துணி மூட்டைகளை அங்கே அடுக்கலாமாம். அவர் இறங்கி வந்ததும் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். காரணம் தெரியாமல் அங்கிருந்து ஒரு மூடிகூட நகராது.

அப்படியே போடுவதாக இருந்தாலும் எது உசத்தி, எது சாதாரணம் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? எழுது. எவனும் என் காதில் பூச்சுற்றக் கூடாது.

அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காதுக்குக் கம்பளித் தொப்பி கொடுத்திருக்கிறார்கள், கவலைப்படாதே. உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

காரணம் என்று ஒன்றும் இல்லை. ஆசை விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

நீ கேட்டதற்காக எழுதுகிறேன். பாட்டிலை எடுத்தால் முதலில் வாயைப் பார். உதட்டைச் சுற்றி நகத்தை மெதுவாக ஓட்டு. எங்கேயாவது நகம் தடுக்கினால் சில்லு போயிருக்கிறது, மதிப்பு பாதியாகிவிடும். பிறகு எழுத்தைப் பார். வார்க்கும்போதே கண்ணாடியோடு புடைத்து வந்த எழுத்துக்குத்தான் மரியாதை, வண்ணத்தில் அச்சடித்தது அடுத்த வரிசை. அப்புறம் ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார். உள்ளே சின்னச் சின்னக் குமிழ் இருந்தால் சந்தோஷப்படலாம், பழைய கண்ணாடி. பளபளவென்று மின்னுகிற பாட்டிலை நம்பாதே. அழகு பண்ணுகிறேன் என்று யாரோ தேய்த்து அதன் வயதையே எடுத்திருப்பார்கள்.

கோலி பாட்டில் கதை தனி. கழுத்துக்குள் கோலியைப் போட்ட பிறகுதான் வாயைச் சூடாக்கி ஒடுக்குவார்கள். கழுத்தை உடைக்காமல் அந்தக் கோலியை யாராலும் வெளியே எடுக்க முடியாது. எங்கும் பச்சைக் கோலிதான். ஒரே ஒரு தொழிற்சாலையில், பச்சைக்குத் தட்டுப்பாடு வந்த சமயத்தில் கொஞ்ச காலம் நீலம் போட்டார்கள். அதனால்தான் அதற்கு அத்தனை கிராக்கி. சில கெட்டிக்காரர்கள் கழுத்தை அறுத்து, பச்சையை எடுத்து நீலத்தைப் போட்டு, பசை வைத்து ஒட்டி விற்கிறார்கள். ஆனால் நிஜமான நீலம் இருக்கிறதே அக்கா, அதைக் காலை வெயிலில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் சுவரெல்லாம் அது ஓடும். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

எழுத வந்தது இதுவல்ல. எல்லாவற்றையும் எடைக்குப் போடு.

தம்பி


ஏப்ரல் 22

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஒத்தடம் கொடுக்கிறேன், கொடுத்தால் வலி கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வருகிறது.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடியில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேன். நகத்தை ஓட்டினேன், குமிழைப் பார்த்தேன். உன் அத்தான் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டது காதில் விழவே இல்லை. இந்தப் பைத்தியம் ஒட்டுவாரொட்டி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பாட்டில்களைத் துண்டில் சுற்றிப் பழைய பொருள் சந்தைக்குப் போனேன். ஒரு வியாபாரி புடைப்பெழுத்துப் பாட்டிலைக் கையில் வாங்கி, உதட்டில் சில்லு போயிருக்கிறது என்று விலையைக் குறைத்தான். எங்கே, காட்டு என்று அவன் விரலையே பிடித்து உதட்டைச் சுற்றி ஓட்டினேன். தடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கேட்ட விலையை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, ஊருக்கே ராணி மாதிரி சந்தைக்குள் நடந்தேன்.

அந்த நடை ரொம்ப தூரம் போகவில்லை. இரண்டாவது பாட்டிலை ஒருவர் ஆசையாக எடுத்தார். யார் சேகரித்தது என்று கேட்டார். என் தம்பி, இங்கே குளிர்பெட்டி பழுது பார்த்துக்கொண்டிருந்தவன் என்று சொன்னேன். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஓ, ஒட்டுக்காரரோட அக்காவா நீங்க? வேணாம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

அவரையே பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். சேகரிப்பாளர் சங்கத்துக் கண்காட்சியில் உன் நீலக்கோலியைப் போலி என்று தள்ளிவிட்டார்களாம். அன்றிலிருந்து உனக்கு அதுதான் பெயராம்.

இதை என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா? ஒரே வீட்டில் இருந்தோம். இரவு சாப்பாடு நான்தான் போட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வயிறு எரிகிறது தம்பி. உன் மேல் பாதி, அவர்கள் மேல் பாதி.

நடந்ததை நடந்தபடி எழுது.

அக்கா


ஜூன் 10

அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

சங்கத்தில் மதிப்புச் சொல்கிறவரை நாங்கள் பூதக்கண்ணாடி என்று கூப்பிடுவோம். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கறாரான மனிதர், ஆனால் வஞ்சகம் இல்லாதவர். கண்காட்சிக்கு முந்தின வாரம்தான் ஒருவர் ஒட்டுப் பாட்டில் கொண்டுவந்து மாட்டியிருந்தார். அதனால் எல்லாக் கோலி பாட்டிலையும் இருட்டில் ஊதா விளக்கு அடித்துப் பார்த்தார். பசை இருந்தால் அந்த வெளிச்சத்தில் வெள்ளையாக மின்னும். என் பாட்டிலின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் மின்னியது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"இதுக்கு என்ன சொல்றீங்க தம்பி?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். இதற்காக யாரிடமும் போய் நிற்காதே. நான் ஊருக்கு வந்து அந்தத் தெருக்களில் நடக்கிற எண்ணத்தில் இல்லை. நீட்டிப்புக் காகிதம் நவம்பரில் வரும், கையெழுத்துப் போட்டுவிடுவேன். பாட்டில்களைப் போட்டுவிட்டாயா?

தம்பி


ஜூன் 28

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் நலம். மூன்று வருடம் என்று நீ எழுதியதை உன் அத்தானிடம் சொன்னேன். மனிதர் அன்றைக்கு வேனைக் கழுவுகிறேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. அறையை அளந்தாரே தவிர, உன்னை அனுப்பிவிட்டு இருக்க அவராலும் முடியவில்லை.

சரி, கடைக் கதை சொல்கிறேன். ஓட்டலில் ஏதோ விருந்து, மேசைக்கு மேசை மெழுகுவத்தி. வெள்ளை விரிப்பெல்லாம் மெழுகு. கையால் சுரண்டி எடுத்துவிட்டோம், பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நாங்கள் கறை பார்க்கிற ஊதா விளக்கைப் போட்டதும், சுரண்டின இடமெல்லாம் பால் சிந்தினாற்போல மின்னியது. நல்ல சூடான தண்ணீரில் போட்ட பிறகுதான் முழுக்கப் போயிற்று.

அது இருக்கட்டும். உன்னை ஒன்று கேட்க வேண்டும். பாட்டிலைப் பஸ்ஸில் கொண்டுபோகும்போது கோலி உள்ளே உருண்டு கண்ணாடியில் மோதாதா? அதற்கு நீ என்ன செய்வாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அக்கா


ஜூலை 20

அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெழுகுவத்தியைக் கையில் பிசைந்து மெதுவாக்கி, குச்சியால் கழுத்துக்குள் அழுத்திக் கோலியை அசையாமல் நிறுத்திவிடுவேன். போய்ச் சேர்ந்ததும் கம்பியால் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுவேன், துளிகூட இருக்காது. எதற்குக் கேட்கிறாய்? பாட்டில்களைப் போட்டாயா இல்லையா என்று மட்டும் பதில் சொல்லேன்.

தம்பி


ஆகஸ்ட் 8

அன்புத் தம்பிக்கு,

நலம். பழைய சாமான்காரருக்குக் கால் சுளுக்கு. வண்டி தள்ள முடியாதாம். குணமானதும் சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

கடையில் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


அக்டோபர் 2

அக்காவுக்கு,

நலமா? ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து கடிதமே இல்லை. ஒரு சுளுக்கு இத்தனை நாளா இருக்கும்? போன் பண்ணினால் அத்தான் எடுத்து, அக்கா வெளியே போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிடுகிறார். அவர் குரலே சரியில்லை. பொய் சொல்லும்போது அவருக்கு இருமல் வரும் என்று எனக்குத் தெரியும்.

உனக்கு உடம்புக்கு ஏதாவதா? மறைக்காதே. காகிதம் முன்கூட்டியே வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

தம்பி


அக்டோபர் 13

என் தங்கத் தம்பிக்கு,

நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். உன் அத்தான் என்னைவிட நன்றாக இருக்கிறார். நீ முதலில் பேனாவை மூடி வை. இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை எந்தக் காகிதத்திலும் கை வைக்காதே.

பழைய சாமான்காரருக்குச் சுளுக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் அவரைக் கூப்பிடவே இல்லை.

உன் மெழுகுக் கடிதம் வந்த அன்றே நீலக்கோலியைக் கடைக்கு எடுத்துப்போய் எங்கள் விளக்கில் பார்த்தேன். வளையம் மின்னியது. விரிப்பில் பார்த்த அதே பால் வெள்ளை. நீ சுரண்டி எடுத்தது கண்ணுக்குத் தெரிந்த மெழுகைத்தான். படலம் அப்படியே இருக்கிறது. அங்கேயே தண்ணீரில் போட்டுப் பார்த்திருப்பேன். ஆனால் வீட்டில் நான் கழுவிவிட்டு மெழுகுதான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பசையைக் கழுவிவிட்டாள் என்பார்கள். எல்லோர் முன்னாலும் உன்னைத் தலைகுனிய வைத்தார்கள், எல்லோர் முன்னாலும்தான் நிமிர வேண்டும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு சங்கத்தின் அடுத்த கண்காட்சி வரை காத்திருந்தேன். அதற்குள் சில்லு போன பழைய பாட்டில்களை வாங்கி, மெழுகை அடைத்து, தண்ணீரைச் சூடாக்கி ஒத்திகை பார்த்தோம். இரண்டு விரிசல் விட்டன. அவசரப்பட்டதுதான் காரணம். மூன்றாவதில் இருந்து ஒன்றும் ஆகவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று தடுத்திருப்பாய், எனக்கும் பயம் வந்திருக்கும்.

நேற்று கண்காட்சி. அதே மண்டபம். உன் அத்தான் மின்சார அடுப்பைத் தூக்கிக்கொண்டார், நான் அகலப் பாத்திரம், துண்டு, பாட்டில். வாசலில் ஒருவர் "ஒட்டுக்காரர் வீடு" என்று முணுமுணுத்தார். உன் அத்தான் அடுப்போடு திரும்பி நின்று, "ஆமா, அவனோட வீடுதான். உள்ள வந்து பாருங்க, டிக்கெட் இல்ல" என்றார். இருமவே இல்லை.

பூதக்கண்ணாடி நீ சொன்னபடியே கறாரான மனிதர்தான். ஒருமுறை தள்ளிய பாட்டிலைப் புது ஆதாரத்தோடு இன்னொரு முறை கொண்டுவரலாம் என்று சங்கத்தில் விதி இருக்கிறதாம். விதி என்றதும் அவரே நாற்காலி போட்டுக் கொடுத்தார். மெழுகு விஷயத்தைச் சொன்னேன். விளக்கு அடித்தார், வளையம் இருந்தது. பாட்டிலை மேசையில் மெதுவாக வைத்தார்.

"சுடுதண்ணில பழைய கண்ணாடி வெடிச்சிடும்மா. ஒட்டோ இல்லையோ, அது போயிட்டா என் மனசு கேக்காது."

"பட்டுத்துணி கழுவுற கை இது. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

பாத்திரத்தின் அடியில் துண்டை மடித்துப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் பாட்டிலைப் படுக்க வைத்து, அடுப்பை ஆகக் குறைச்சலில் வைத்தேன். கொதிக்கவே கூடாது, பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்தே சூடாக வேண்டும். முழங்கையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற மேசைகளைப் பார்க்க வந்தவர்கள்கூட எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒரு சமயம் பாத்திரத்தில் டக்கென்று ஒரு சத்தம். என் உயிர் போய்விட்டது தம்பி. பார்த்தால் பாத்திரத்தின் அடி சூட்டில் நெளிந்திருக்கிறது, பாட்டிலுக்கு ஒன்றும் இல்லை. அந்த ஒரு நொடியில் உன்னிடம் என்ன சொல்வேன் என்று முழுக் கடிதமும் மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன்.

பிறகு பாட்டிலின் வாய்ப்பக்கம் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஓர் ஆடை மிதந்து வந்தது. பூதக்கண்ணாடி குனிந்து, அதை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். "மெழுகு" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தண்ணீர் ஆறட்டும் என்று நான் பாட்டிலை எடுக்கவில்லை. சாப்பாட்டு வேளை வந்தது, ஒருவரும் நகரவில்லை. ஆறினதும் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். ஜன்னல்களைச் சாத்தினார்கள். விளக்கை அடித்துக் கழுத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். இருட்டு. ஒரு புள்ளிகூட மின்னவில்லை. பசையாக இருந்தால் இந்தச் சூட்டுக்கு மெழுகு மாதிரி உருகி மிதந்திருக்காது, வெட்டின கோடாவது கழுத்தில் இருந்திருக்கும் என்று அவரே எல்லோருக்கும் சொன்னார். நகத்தை வைத்து வெளியே ஓட்டினார், வளைந்த கம்பியை வைத்து உள்ளே ஓட்டினார். எங்கும் தடுக்கவில்லை. பாட்டிலைச் சாய்த்ததும் கோலி கணீரென்று உருண்டது.

"இது முழுப் பாட்டில். இந்தக் கோலி இதோடயே பொறந்தது. போன தடவை நான் சொன்னது தப்பு. அந்தத் தம்பிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு எழுதுங்கம்மா."

ஒலிபெருக்கியில் சொன்னார் தம்பி! உனக்கு அந்தப் பெயரை வைத்தவர் யாரென்று கேட்டிருந்தேன், அவர்தான் முதலில் கை தட்டினார். பிறகு மண்டபமே தட்டியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். முதல் வகுப்பு என்று அட்டை எழுதி நடு மேசையில் வைத்தார்கள். விலை கேட்டு இரண்டு பேர் அங்கேயே ஏலம் மாதிரி ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்தத் தொகையைக் கேட்ட பிறகு உன் அத்தான் வேனை ஓட்டிய லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே, சைக்கிள்காரர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். இப்போது மாடிக்கு என்னையே விடமாட்டேன் என்கிறார்.

கேட்டவர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. உன் பொருள், நீ சொல்லு.

வெற்றியோடு,
அக்கா


நவம்பர் 1

என் அக்காவுக்கு,

நான் நலம். இப்படி நலமாக இருந்து வெகு காலம் ஆயிற்று. அத்தான் கையைப் பிடித்துக் குலுக்கினதாகச் சொல்லு.

உன் கடிதத்தைக் குளிர் அறைக்குள் நின்று படித்தேன். வெளியே வந்ததும் மேற்பார்வையாளர் என் முகத்தைப் பார்த்து, ஊரில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார். "எங்க அக்கா ஜெயிச்சுட்டா" என்றேன். எதில் என்று கேட்டார். உட்கார வைத்து முழுக்கச் சொன்னேன். அறையில் இருக்கிற மற்ற ஏழு பேருக்கும் சொன்னேன். பாத்திரம் டக்கென்ற இடத்தில் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான்.

அன்றைக்கு மண்டபத்தில் நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். அந்த வளையம் மின்னியபோது நானும் அதைப் பசை என்றுதான் நம்பினேன். விற்றவன் என்னை ஏமாற்றிவிட்டான், அத்தனை காலம் காலை வெயிலில் வைத்து நான் கொஞ்சியது ஒரு போலியை என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்திருக்கலாம். போலிதான் என்று உறுதியாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதற்குத்தான் எடைக்குப் போடச் சொன்னேன். மண்டபம் நிறைய இருந்த ஆட்களுக்கும் எனக்கும்கூட இல்லாத நம்பிக்கை, கண்காட்சிக்கே வராத உனக்கு இருந்திருக்கிறது.

காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜனவரிக் கடைசியில் கிளம்புகிறேன்.

பூதக்கண்ணாடிக்கு என் வணக்கம். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று நானே நேரில் வந்து சொல்வேன். விலை கேட்டவர்களிடம் இப்படிச் சொல்லு அக்கா: பாட்டில் விற்பனைக்கு இல்லை, அதன் சொந்தக்காரன் வந்துகொண்டிருக்கிறான்.

உன் தம்பி